அந்த ஒரு இடைவெளியை எடுத்துட்டு மறுபடி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஓரமா ஒரு பெட்டிச்செய்தி போட்டிருந்தீங்க. டெக்ஸ்ட் எடிட்டர் தானா உருவாக்குற பேக்கப் ஃபைல் எல்லாம் ஃபோல்டர் பூரா குப்பையா கிடக்கா, இதோ ஒரே வரியில க்ளீன் பண்ணுங்கன்னு. படிக்கும்போதே எனக்கு பக்குன்னு ஆச்சு. திட்டுறதுக்காக எழுதல, அந்த பக்கத்தை விடாம படிக்கிற ஆளு நான். ஆனா அந்த பெட்டிக்குள்ள இருந்த ரெண்டு யோசனையில ஒன்னு அச்சுப்பிழை, இன்னொன்னு யோசனையே பிழை. கடிதம் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல அச்சுப்பிழை. லினக்ஸ், மேக் மாதிரி சிஸ்டத்துல டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கிற விண்டோல, அடிக்க வேண்டியது என்னன்னா ஆர்எம் (rm, ஃபைலை அழிக்கிற கமாண்ட்), ஒரு ஸ்பேஸ், அப்புறம் ஸ்டாரும் டில்டேயும் ஒட்டி *~ இப்படி. டில்டேன்னா அந்த நெளிஞ்ச அலைக்கோடு. நீங்க போட்டதுல ஸ்டாருக்கும் டில்டேக்கும் நடுவுல ஒரு இடைவெளி விழுந்திருக்கு. பத்தி அகலம் கம்மி, ரெண்டு பக்கமும் சமமா நிக்கணும்னு லேஅவுட் சாஃப்ட்வேர் இழுத்து விட்டுச்சா, இல்ல பிழை திருத்துறவர் ரெண்டு குறி ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு பிரிச்சு விட்டாரா எனக்கு தெரியல. வேற எந்த செய்தியிலயும் ஒரு ஸ்பேஸ் கூடினா குறைஞ்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க, இங்க அப்படி விட முடியாது.

ஒட்டி இருந்தா 'டில்டேல முடியற ஃபைலை எல்லாம் அழி'ன்னு அர்த்தம். இடைவெளி விழுந்தா ஷெல் (நாம அடிக்கிற கமாண்டை படிச்சு ஓட்டற ப்ரோக்ராம்) அதை ரெண்டு தனித்தனி பேரா எடுத்துக்கும். தனியா நிக்கிற ஸ்டார்னா இந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாம், தனியா நிக்கிற டில்டேன்னா உங்க ஹோம் ஃபோல்டர், அதாவது உங்க சொந்த ஃபைல் எல்லாம் இருக்கிற ஃபோல்டர். வெறும் ஆர்எம் ஃபோல்டரை அழிக்காது, இது டைரக்டரின்னு சொல்லிட்டு விட்டுடும், அதனால ஹோம் தப்பிச்சுக்கும். ஆனா நீங்க நிக்கிற ஃபோல்டர்ல இருந்த ஃபைல் மொத்தமும் அதுக்குள்ள போயிருக்கும், ட்ராஷுக்கும் போகாது ஒன்னுக்கும் போகாது, நேரா காலி. பழக்க தோஷத்துல மைனஸ் ஆர்எஃப் (-rf, ஃபோல்டரையும் கேக்காம அழின்னு அர்த்தம்) சேர்த்து அடிக்கிறவங்களா இருந்தா ஹோமும் கூடவே போயிடும். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, புள்ளியில ஆரம்பிக்கிற பேரை எல்லாம் ஸ்டார் தொடாது, விம் எடிட்டர் போடற ஸ்வாப் ஃபைல் (சேவ் பண்ணாத எழுத்தை வச்சிருக்கிறது) வழக்கமா புள்ளியில தான் ஆரம்பிக்கும். அதாவது நீங்க உழைச்சு எழுதினது எல்லாம் போயிடும், நீங்க குப்பைன்னு சொன்ன அந்த ஸ்வாப் ஃபைல் மட்டும் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.

கற்பனையா சொல்லல. எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி அந்த பெட்டியை மொபைல்ல ஃபோட்டோ எடுத்து வச்சுகிட்டு பார்த்து பார்த்து அடிச்சான். "அண்ணே, ஃபோல்டர் சூப்பரா க்ளீன் ஆயிடுச்சு, வந்து பாருங்க"ன்னு சிரிச்சுகிட்டே கூப்பிட்டான். போய் பார்த்தா அப்படி ஒரு க்ளீன், ஃபோல்டர்ல இருக்கிறதை காட்டற எல்எஸ் அடிச்சா ரெண்டே ரெண்டு சப்ஃபோல்டர் பேரு தான் வருது. "எடிட்டரை மூடிட்டியா?"ன்னு தான் முதல்ல கேட்டேன். மூடல, அதுல 4 ஃபைல் திறந்தே இருந்துச்சு. டிஸ்க்ல ஃபைல் போனாலும் எடிட்டர் மெமரியில வச்சிருக்கிறது அப்படியே இருக்கும், அதனால எதையும் மூடாத, ஒவ்வொன்னா போய் சேவ் குடுன்னு சொன்னேன், அந்த நாலும் திரும்ப வந்துச்சு. மிச்சம் எல்லாம் முந்தின நாள் ராத்திரி காப்பியில இருந்து எடுத்தோம், அன்னைக்கு காலையில இருந்து மத்த ஃபைல்ல பண்ண வேலை போனது போனது தான். அவனை திட்ட மனசு வரல, பேப்பர்ல போட்டிருக்கே அண்ணேங்கிறான், நான் என்ன சொல்ல.

சரி, அச்சுப்பிழை யாருக்கும் வரும். அதுக்கு கீழ இருந்த வரி தான் எனக்கு இன்னும் பெரிய தப்பா படுது, 'செட்டிங்ல போய் பேக்கப், ஆட்டோசேவ், ஸ்வாப் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, இனிமே தொல்லையே இல்லை'ன்னு போட்டிருந்தீங்க. பேரு தெரியாத ஃபைல் கிடந்தா எல்லாத்தையும் பேக்கப்னு ஒரே மூட்டையில கட்டிடறோம், ஆனா அதுக்குள்ள இருக்கிறது வேற வேற சரக்கு. பேக்கப்ங்கிறது நீங்க சேவ் பண்றதுக்கு முன்னாடி அந்த ஃபைல் எப்படி இருந்துச்சோ அந்த பழைய நிலைமை, தப்பா மாத்தி சேவ் பண்ணிட்டா திரும்பிப் போறதுக்கு. ஆட்டோசேவும் ஸ்வாப்பும் அதுக்கு நேர் எதிர், நீங்க இன்னும் சேவே பண்ணாத புது எழுத்து, கரண்ட் போனா, எடிட்டர் செத்தா, சர்வர் கனெக்‌ஷன் அறுந்தா மீட்கறதுக்கு. இது போக லாக் ஃபைல்னு ஒன்னு, அதுல உங்க எழுத்து ஒன்னு கூட இருக்காது, இந்த ஃபைலை இன்னார் இந்த மெஷின்ல திறந்து வச்சிருக்கார்ங்கிற துண்டுச்சீட்டு அது.

ஈமேக்ஸ்ங்கிற எடிட்டர்ல இந்த மூணையும் பேரை வச்சே கண்டுபிடிச்சிடலாம். கடைசியில டில்டே இருந்தா பேக்கப், ரெண்டு பக்கமும் # இருந்தா ஆட்டோசேவ், முன்னாடி புள்ளியும் #ம் சேர்ந்து இருந்தா லாக். ஆட்டோசேவ் சுமார் 300 எழுத்து அடிச்சா ஒரு தடவை, இல்ல 30 செகண்ட் போல கை வைக்காம விட்டா ஒரு தடவை தானா எழுதிக்கும், நீங்க ஒழுங்கா சேவ் பண்ணதும் அதுவே அழிஞ்சிடும். விம்ல ஸ்வாப் ஃபைல் 200 எழுத்துக்கு ஒரு தடவை இல்லன்னா 4 செகண்ட் சும்மா இருந்தா ஒரு தடவை டிஸ்க்குக்கு போகும், எடிட்டரை முறையா மூடினா அதுவும் தானா போயிடும். அப்போ இதுல இருந்து என்ன தெரியுது? ஒரு ஃபோல்டர்ல இந்த # ஃபைலோ ஸ்வாப் ஃபைலோ கிடக்குதுன்னா, பெரும்பாலும் ஒன்னு யாரோ இப்பவும் அதை திறந்து வச்சிருக்காங்க, இல்ல எப்பவோ எடிட்டர் பாதியில செத்திருக்கு. அதுக்குள்ள யாரோட எழுத்தோ சேவ் ஆகாம கிடக்கலாம். அதை திறந்து பார்க்காம அழிக்கிறது தபால் பெட்டியில இருக்கிற கவரை பிரிக்காமலே கிழிச்சு போடற மாதிரி.

இதை நான் சூடுபட்டு தான் கத்துக்கிட்டேன். ஒரு தடவை சர்வர்ல விம்ல ஒரு பெரிய ஸ்க்ரிப்ட் எழுதிட்டு இருந்தேன், ரெண்டு மணி நேரமா சேவ் பண்ணவே இல்ல, அது என் தப்பு தான். நெட் கட் ஆச்சு. மறுபடி உள்ள போய் ஃபைலை திறந்தா விம் பெருசா ஒரு எச்சரிக்கை போட்டு, ஸ்வாப் ஃபைல் இருக்கு, என்ன பண்ணட்டும்னு கேக்குது. கீழ ஒரு வரியில படிக்க மட்டும் திற, பரவால்ல எடிட் பண்ணு, மீட்டெடு, அழி, வெளியேறுன்னு வரிசையா இருக்கும், ஒவ்வொன்னுக்கும் ஒரு எழுத்து. நான் அதை படிக்கவே இல்ல. தினமும் வர்ற தொல்லைன்னு நெனச்சு கை பழக்கத்துல அழிங்கிறதுக்கு உண்டான எழுத்தை தட்டிட்டேன். திறந்தது ரெண்டு மணி நேரத்துக்கு முந்தின ஃபைல். அந்த நிமிஷம் வயித்துக்குள்ள ஒரு குளிர் பரவும் பாருங்க, அது பட்டவங்களுக்கு தான் தெரியும்.

மீட்டெடுன்னு குடுத்திருந்தா கடைசி சில செகண்ட் போக மீதி அத்தனையும் வந்திருக்கும். மீட்ட உடனே பழைய பேருலயே சேவ் பண்ணாம வேற பேருல சேவ் பண்ணி ரெண்டையும் டிஃப் (வித்தியாசம் எங்கன்னு காட்டற கமாண்ட்) போட்டு பார்த்துட்டு, சரின்னா மட்டும் ஸ்வாப் ஃபைலை அழிக்கணும், ஏன்னா மீட்ட பிறகும் அந்த பழைய ஸ்வாப் அங்கேயே தான் இருக்கும், அடுத்த தடவை திறந்தா மறுபடி அதே கேள்வி கேக்கும், அப்போ தான் நெறைய பேர் எரிச்சல்பட்டு ஸ்வாப்பையே ஆஃப் பண்ணிடறாங்க. இன்னொரு சின்ன விஷயம், அந்த வரிசையில அழிங்கிற சாய்ஸே சில நேரம் வராது. வரலன்னா அந்த ஃபைலை வேற ஒரு விம் இப்பவும் ஓட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், வேற டெர்மினல்ல நீங்களே கூட திறந்து வச்சிருக்கலாம்.

இன்னொன்னு, நெட்ல இருந்து காப்பி அடிக்கிற விம் செட்டிங்ல நோபேக்கப், நோரைட்பேக்கப், நோஸ்வாப்ஃபைல்னு மூணு வரி ஜோடி பிரியாம வரும். முதல் வரியால பெருசா நஷ்டம் இல்ல, பேக்கப் விம்ல சாதாரணமா ஆஃப் தான். நடுவுல இருக்கிறது தான் வில்லங்கம். சேவ் பண்ற அந்த கணம் மட்டும் பழைய ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுகிட்டு, புதுசு முழுசா எழுதி முடிஞ்சதும் காப்பியை அழிக்கிறது அது. அதை ஆஃப் பண்ணிட்டு டிஸ்க் நிறைஞ்ச நேரத்துல சேவ் குடுத்தீங்கன்னா பழசும் இல்ல புதுசும் இல்லன்னு நிக்க வேண்டி வரும்.

ஈமேக்ஸ் பேக்கப்புக்கும் ஒரு குணம் இருக்கு, அதை தெரிஞ்சுக்காம நம்பினா ஏமாந்துடுவோம். ஒரு ஃபைலை திறந்து முதல் தடவை சேவ் பண்ணும்போது தான் பேக்கப் எடுக்கும். காலையில திறந்து சாயங்காலம் வரைக்கும் 40 தடவை சேவ் பண்ணாலும் டில்டே ஃபைல்ல இருக்கிறது காலையில இருந்த நிலைமை தான், மத்தியானம் இருந்தது கிடைக்காது. என்னை மாதிரி வாரக்கணக்கா ஈமேக்ஸை மூடாம வச்சிருக்கிற ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம்பர் போட்ட பேக்கப் வேணும்னா வெர்ஷன்-கன்ட்ரோல்ங்கிற செட்டிங்கை ஆன் பண்ணணும், அப்போ டில்டே, நம்பர், டில்டேன்னு வரிசையா வரும், பழசுல 2 புதுசுல 2 வச்சுகிட்டு நடுவுல இருக்கிறதை அழிக்கட்டுமான்னு கேக்கும். ரெண்டு ரொம்ப கம்மி, நான் புதுசை 10ஆ வச்சிருக்கேன், கேக்காமலே அழிக்க சொல்லி வச்சிருக்கேன். அதே மாதிரி, ஃபைல்ல பண்ற மாற்றத்தை பதிஞ்சு வைக்கிற கிட் (Git) மாதிரி ஏதாவது ஒன்னுக்குள்ள இருக்கிற ஃபைலுக்கு ஈமேக்ஸ் பேக்கப்பே எடுக்காது, அது தான் பார்த்துக்குதேன்னு விட்டுடும். நீங்க நாலு நாளா கமிட் பண்ணாம, அதாவது அதுல பதியாம இருந்தா ரெண்டு பக்கமும் ஒன்னும் இருக்காது.

விண்டோஸ்ல நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் வச்சிருக்கிறவங்க கதை வேற. அதுல சேவ் பண்ணாத டேபை கூட 7 செகண்டுக்கு ஒரு தடவை தன்னோட பேக்கப் ஃபோல்டர்ல எழுதி வச்சுக்கும், மூடி திறந்தாலும் அப்படியே வரும். வசதி தான். ஆனா மாசக்கணக்கா பேரே வைக்காம நியூ 1, நியூ 2ன்னு 30 டேப் திறந்து வச்சுகிட்டு அதையே டைரி மாதிரி ஓட்டற ஆளுங்களை எனக்கு தெரியும். அவங்ககிட்ட போய் ஆஃப் பண்ணுங்கன்னு சொன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. விஎஸ் கோட்ங்கிற எடிட்டர்ல 2022ல இருந்து லோக்கல் ஹிஸ்டரின்னு ஒன்னு இருக்கு, சேவ் பண்ற ஒவ்வொரு தடவையும் ஒரு காப்பி, ஒரு ஃபைலுக்கு 50 வரைக்கும் வச்சுக்கும், உங்க ஃபோல்டர்ல ஒரு துளி குப்பை சேராது. அது வச்சிருக்கிறவங்களுக்கு உங்க பெட்டிச்செய்தியே தேவைப்பட்டிருக்காது.

குப்பை தொல்லையே இல்லன்னு நான் சொல்லல. உண்மையான தொல்லை இருக்கு, நீங்க சொன்னதை விட பெரிய தொல்லை. வெப்சைட் ஃபோல்டருக்குள்ளயே நின்னு, செட்டிங் எல்லாம் இருக்கிற கான்ஃபிக் ஃபைலை எடிட் பண்ணா பக்கத்துலயே டில்டே காப்பி ஒன்னு விழும். பிஎச்பின்னு முடியற ஃபைலை சர்வர் ஓட்டி விடை மட்டும் குடுக்கும், ஆனா பிஎச்பி டில்டேன்னு முடிஞ்சா அது என்னன்னே அதுக்கு தெரியாது, வெறும் எழுத்தா அப்படியே தூக்கி குடுத்துடும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட. அட்ரஸ் பார்ல ஒரு டில்டே சேர்த்து அடிச்சு பார்க்கிற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க. அடுத்து, டெபியன், உபுண்டுங்கிற லினக்ஸ் சிஸ்டத்துல இன்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டர்ல இருக்கிற எல்லா ஃபைலையும் பேரை பார்க்காம படிக்கும், அதுக்குள்ள நேரடியா எடிட் பண்ணி டில்டே காப்பி ஒன்னு விழுந்தா அதையும் இன்னொரு சைட்டுன்னு எடுத்துகிட்டு, டீஃபால்ட் சர்வர் ரெண்டு இருக்குன்னு சொல்லி கிளம்பவே மாட்டேன்னுடும். எடிட் பண்ணது சரியா தான் இருக்கும், தலைய பிச்சுக்குவோம். ஈமேக்ஸ் லாக் ஃபைல் இன்னும் வேடிக்கை, அது எங்கேயும் போய் சேராத ஒரு சிம்லிங்க் (வேற ஃபைலை கைகாட்டற குறுக்குவழி), ஃபோல்டரை கண்காணிச்சுகிட்டே இருக்கிற பில்ட் டூல் சிலது அதை ஃபைல்னு நெனச்சு படிக்கப் போய் குப்புற விழும்.

இதுக்கெல்லாம் ஆஃப் பண்றது வழி இல்ல, இடம் மாத்தறது தான் வழி. பெரும்பாலான எடிட்டர்ல பேக்கப் எங்க போகணும்னு சொல்ல முடியும். ஈமேக்ஸ்ல பேக்கப்-டைரக்டரி-அலிஸ்ட்ல ஹோமுக்குள்ள ஒரு ஃபோல்டரை குடுத்துட்டா போதும், எந்த ஃபோல்டர்ல இருந்து வந்ததுங்கிற முழு பாதையையும் ஆச்சரியக்குறி போட்டு பேருலயே சேர்த்து வச்சுக்கும், ஒரே பேருல பத்து ஃபைல் இருந்தாலும் ஒன்னு மேல ஒன்னு விழாது. ஆட்டோசேவுக்கு தனியா இன்னொரு செட்டிங், அதை மறந்துட்டு # ஃபைல் மட்டும் இன்னும் வருதேன்னு புலம்பக்கூடாது. விம்ல பேக்கப்டிர் (பேக்கப்புக்கு), டைரக்டரி (ஸ்வாப்புக்கு)ன்னு ரெண்டு செட்டிங், பாதையோட கடைசியில ரெண்டு சாய்கோடு போடணும், ஒன்னு போட்டா பேரு மோதும். கொஞ்சம் பழைய விம்ல அந்த ரெட்டைக்கோடு ஸ்வாப்புக்கு மட்டும் தான் வேலை செய்யும். ஃபோல்டரை முன்னாடியே நீங்க உருவாக்கி வைக்கணும், விம் உருவாக்கிக்காது. நானோ எடிட்டர்லயும் பேக்கப்டிர் உண்டு.

ஃபோல்டரை எங்க வைக்கிறதுன்னு கேட்டா நெறைய பேர் தற்காலிக ஃபைல் போடற டெம்ப் ஃபோல்டர்னு சொல்வாங்க. வேண்டவே வேண்டாம். மெஷின் ரீபூட் ஆனா டெம்ப் காலியாகிற சிஸ்டம் நெறைய இருக்கு. கரண்ட் போனா மீட்கத்தான் ஸ்வாப், கரண்ட் போனதும் அந்த ஸ்வாப்பே காணாம போச்சுன்னா எதுக்கு அது? அப்புறம் அந்த ஃபோல்டரை நீங்க மட்டும் திறக்கிற மாதிரி பூட்டி வைங்க, ஏன்னா நீங்க எடிட் பண்ற பாஸ்வேர்டு ஃபைலோட காப்பியும் நாளைக்கு அங்க தான் வந்து உட்காரும். கிட் வச்சிருக்கிறவங்க ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் தனித்தனியா எழுதாம, மெஷின் மொத்தத்துக்கும் பொதுவான இக்னோர் ஃபைல்ல (கிட் கண்டுக்காம விட வேண்டிய பேரை எழுதற ஃபைல்) *~ போட்டு வச்சா கூட வேலை செய்யறவங்களுக்கும் நிம்மதி.

ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிற டில்டே ஃபைலை அழிச்சே ஆகணும்னா ஆர்எம் வேண்டாம், ஃபைலை தேடற ஃபைண்ட் (find) கமாண்ட் இருக்கு. பேரு இந்த மாதிரின்னு சொல்ற இடத்துல மேற்கோள் குறிக்குள்ள '*~' குடுத்து முதல்ல சும்மா லிஸ்ட் மட்டும் எடுத்து கண்ணால பாருங்க. 30 நாளுக்கு மேல பழசுன்னு ஒரு நிபந்தனை சேர்த்துக்கறது இன்னும் நல்லது. எல்லாம் சரின்னு பட்டா மட்டும் அதே வரியோட கடைசியில மைனஸ் டெலீட் சேருங்க. கடைசியில தான். முன்னாடி போட்டீங்கன்னா ஃபைண்ட் இடமிருந்து வலமா போற ஜாதி, பேரை பார்க்கிறதுக்கு முன்னாடியே அழிக்க ஆரம்பிச்சுடும், உங்க ஸ்பேஸ் கதையை விட மோசமாயிடும். ஈமேக்ஸ்லயே இருக்கிறவங்க டைரெட் (Dired, ஈமேக்ஸ்ல ஃபோல்டர் லிஸ்ட் காட்டற இடம்) திறந்து டில்டேயை ஒரு தடவை தட்டினா பேக்கப் எல்லாத்துக்கும் அழிக்கற அடையாளம் போட்டு காட்டும், பார்த்துட்டு எக்ஸ் தட்டினா கேட்டுட்டு தான் அழிக்கும். தம்பிக்கு இப்போ இதை தான் சொல்லிக் குடுத்திருக்கேன்.

இவ்வளவும் ஒரே டிஸ்க்குக்குள்ள நடக்கிற விஷயம், டிஸ்க் போனா டில்டேயும் சேர்ந்து போகும், அதுக்கு வெளிய தனியா ஒரு காப்பி வேணும். அது வேற தலைப்பு, வேற ஒரு வாரம் நீங்களே எழுதுங்க.

இப்போதைக்கு நான் கேக்கிறது ஒன்னு தான். அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே இடத்துல ஒரு திருத்தம் போடுங்க, உள்பக்கத்துல கடைசி மூலையில வேண்டாம், அந்த பெட்டியை ஃபோட்டோ எடுத்து வச்சவங்க கண்ணுல படணும். கமாண்டை பத்திக்கு நடுவுல சொருகாம தனி வரியா, தட்டச்சு எழுத்துல விடுங்க, அப்போ லேஅவுட் அதை இழுக்காது. இடம் பத்தலன்னா என் கடிதத்தை எங்க வேணா வெட்டிக்குங்க. ஸ்டாரும் டில்டேயும் வர்ற இடத்துல மட்டும் அச்சுக்கு போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பெரிசாக்கி பார்த்துடுங்க, இதுலயும் நடுவுல இடைவெளி விழுந்துட்டா அப்புறம் நான் அந்த தம்பி முகத்துல முழிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்க கம்ப்யூட்டர் பக்கத்தோட பழைய வாசகன்